ரீகா நகரத்துக் கட்டடக் கலை: நான்கு சம்பிரதாயங்கள்

ஒரு கலை மரபின் பெருமையை அளந்தறிய முற்படுகிறவர்கள், அம்மரபின் சிகரங்களாக விளங்கும் இரண்டொரு படைப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றைக் கொண்டே முழு மரபுக்கும் தீர்ப்பு வழங்கிவிடுவது உலக வழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் அந்திமத்தில் ஐரோப்பாவில் தோன்றி, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மட்டுமே செழித்து, முதல் உலக யுத்தத்தோடு மறைந்துபோன 'ஆர்ட் நூவோ' என்னும் கட்டடக் கலைக்கும் இந்தக் கதியே நேர்ந்திருக்கிறது. பிரஸ்ஸல்ஸில் விக்டர் ஹோர்ட்டா கட்டிய இல்லங்களையும், பார்ஸிலோனாவில் அந்தோனி கௌதி நிகழ்த்திய அற்புதங்களையும், வியன்னாவில் ஓட்டோ வாக்னர் எழுப்பிய மாளிகைகளையும் பற்றி நூல்கள் பல வந்துள்ளன. அவை போற்றத் தக்கவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஒரு மேதையின் கையில் மலர்ந்து, செல்வர் ஒருவரின் ஆதரவில் நிலைபெற்ற கலையைப் பார்ப்பதோடு நில்லாமல், ஊர் முழுவதும் பரவி, வாடகைக்கு விடுவதற்கென்று கட்டப்பட்ட வீட்டின் வாசற்படி வரைக்கும் வந்து வேரூன்றிய கலையையும் பார்த்தால்தான் ஒரு மரபின் முழு வடிவம் நமக்குப் புலனாகும்.

அப்படிப் பார்ப்பதற்கு லாட்வியாவின் தலைநகரான ரீகாவைவிடச் சிறந்த நகரம் கிடைப்பது அரிது. பால்டிக் கடலை நோக்கிப் பாயும் டௌகவா நதியின் கரையில் 1201இல் பிஷப் ஆல்பர்ட்டால் ஸ்தாபிக்கப்பட்ட இந்தப் பழம்பெரும் வணிக நகரத்தின் மையப் பகுதியில், சுமார் 800 கட்டடங்கள், அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல், இந்தப் பாணியைச் சேர்ந்தவை. 1997இல் யுனெஸ்கோ நிறுவனம் நகரத்தின் வரலாற்று மையத்தை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தபோது இவற்றின் மேன்மையைத் தனியே எடுத்துச் சொன்னது. இவற்றுள் பெரும்பாலானவை அரண்மனைகள் அல்ல, தேவாலயங்களும் அல்ல. டாக்டர்களும் வக்கீல்களும் வியாபாரிகளும் உத்தியோகஸ்தர்களும் குடியிருந்த ஐந்து மாடி, ஆறு மாடி வாடகை வீடுகள்.

புதுக் கலையின் பிறப்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கட்டடக் கலைஞர்களில் பலர், கோதிக் வேண்டுமானால் கோதிக், மறுமலர்ச்சிக் காலத்து பாணி வேண்டுமானால் அது என்று, முன்னோர் கட்டிவைத்த வடிவங்களைத் திரும்பத் திரும்பப் பிரதி செய்வதையே தொழிலாகக் கொண்டிருந்தனர். இரும்பும் கண்ணாடியும் புதிய இயந்திரங்களும் வந்துவிட்ட காலத்தில் இந்தப் பிரதி வேலை அர்த்தமற்றது என்று கருதிய இளைஞர்கள், பழைய ஏடுகளை மூடிவைத்துவிட்டு இயற்கையை நோக்கித் திரும்பினர். கொடியின் நெளிவும், பூவின் இதழும், நீரலையின் ஓட்டமும் அவர்களுக்குக் குருவாயின. பிரஸ்ஸல்ஸில் 1893இல் ஹோர்ட்டா எழுப்பிய டாஸ்ஸல் இல்லத்தில் இரும்புத் தூணே தண்டாகி, அதிலிருந்து கொடிகள் கிளைத்து மேல்தளத்தைத் தாங்கின. 1896இல் ம்யூனிக் நகரத்தில் தொடங்கிய 'யூகென்ட்' என்னும் பத்திரிகை ஜெர்மானிய நாடுகளில் இந்தப் புதுமைக்குத் தன் பெயரையே ஈந்தது. அடுத்த ஆண்டில் வியன்னாக் கலைஞர்கள் பழைய சங்கத்திலிருந்து பிரிந்து தனிச் சங்கம் கண்டனர். கிளாஸ்கோவும் புடாபெஸ்டும் ஹெல்ஸிங்கியும் தத்தமக்கென ஒவ்வொரு கிளையை வளர்த்துக்கொண்டன.

இந்த அலை ரீகாவை வந்தடைந்தபோது அந்நகரம் அதற்கெனவே ஆயத்தமாகி நின்றது எனலாம். அப்போது ருஷ்யப் பேரரசுக்கு உட்பட்டிருந்த ரீகா, 1857க்கும் 1863க்கும் இடையில் தன் பழைய கோட்டை மதில்களை இடித்துவிட்டு, அவை நின்ற இடத்தில் அகலமான சாலைகளையும் பூங்காக்களையும் அமைத்திருந்தது. ரயிலும் துறைமுகமும் தொழிற்சாலைகளும் மக்களை ஈர்த்தன. 1897ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 2,82,000 ஆக இருந்த மக்கள் தொகை, 1913இல் 5 லட்சத்தைத் தாண்டிவிட்டது. இத்தனை பேருக்கும் வீடு வேண்டும். கட்டக் காலிமனை இருந்தது. கட்டுவிக்கப் பணம் இருந்தது. கட்டுவோருக்கும் குறைவில்லை: 1862இல் தொடங்கிய ரீகா பாலிடெக்னிக்கில் 1869 முதல் கட்டடக் கலைக்குத் தனிப் பிரிவு நடந்துவந்தது. வேறு பல ஊர்களில் கலைஞர்கள் தலைநகரத்திலிருந்து வரவழைக்கப்பட்டார்கள். ரீகாவிலோ கலைஞர்கள் உள்ளூரிலேயே படித்து உள்ளூரிலேயே கட்டினார்கள்.

பழைய நகரத்தின் அவுடேயு வீதியில் 7ஆம் இலக்கமுள்ள கட்டடம், ஆல்ஃபிரெட் ஆஷன்காம்ஃப், மாக்ஸ் ஷெர்வின்ஸ்கி என்னும் இருவரால் 1899இல் கட்டப்பட்டது. ரீகாவில் புதுப் பாணியின் முதல் கட்டடம் என்று அறிஞர்கள் கொள்வது இதையே. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின், நகரத்தின் 700ஆவது ஆண்டு நிறைவை ஒட்டி நடந்த பெரிய தொழிற்காட்சியில் மண்டபங்கள் பல இந்தப் பாணியில் எழுந்தன. காட்சி முடிந்து மண்டபங்கள் கலைக்கப்பட்டபோதிலும், அவற்றைக் கண்டு களித்த வீட்டுச் சொந்தக்காரர்களின் உள்ளத்தில் ஆசை பதிந்துவிட்டது. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் வீதி வீதியாகப் புதுக் கட்டடங்கள் எழுந்தன.

நான்கு சம்பிரதாயங்கள்

லாட்விய அறிஞர்கள் இக்கட்டடங்களை நான்கு சம்பிரதாயங்களாக வகுத்திருக்கிறார்கள். அவ்வகைப்பாட்டைப் பின்பற்றி நடந்து பார்ப்பவர்களுக்கு, ஒரே தலைமுறைக்குள் ஒரு கலை குழந்தைப் பருவம் தாண்டி முதிர்ச்சி எய்திய வரலாறு கண்முன் விரியும்.

முதலாவது, அலங்காரத்தையே ஜீவனாகக் கொண்ட சம்பிரதாயம். கட்டடத்தின் அமைப்பு பழைய முறையிலேயே இருக்கும். நடுவில் வாசல், இரு புறமும் சரிசமமாகச் சாளரங்கள் என்ற ஒழுங்கு மாறாது. ஆனால் அந்த ஒழுங்கின் மேல் சுதைச் சிற்பங்கள் மழையாகப் பொழிந்திருக்கும். இதன் தலைவராக மதிக்கப்படுபவர் மிகாயில் ஐஸன்ஸ்டைன். பீட்டர்ஸ்பர்க்கில் ஸிவில் இன்ஜினீயராகப் பயின்று, ரீகாவில் மாகாண அரசின் சாலைத் துறையில் உயர்ந்த பதவி வகித்த அவர், 1901க்கும் 1906க்கும் இடைப்பட்ட சில ஆண்டுகளில், ஆல்பெர்ட்டா வீதியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் கட்டிய வீடுகள் இன்று உலகப் பிரசித்தி பெற்றவை. எலிஸபெதெஸ் வீதி 10பி இலக்க வீட்டின் உச்சியில் இரண்டு பிரம்மாண்டமான முகங்கள் வானத்தை நோக்கி நிமிர்ந்து நிற்கின்றன. மேல் மாடிகளின் சுவர், நீல வண்ணம் பூசிச் சுட்ட ஓட்டுக் கற்களால் மின்னுகிறது. ஆல்பெர்ட்டா வீதி 2ஏ இலக்க வீட்டின் கூரைக்கு மேலும் சுவர் உயர்ந்து செல்கிறது. அதில் வெட்டிய சாளரத் துவாரங்களுக்குப் பின்னால் அறை ஏதும் இல்லை, ஆகாயமே தெரிகிறது. வாசலருகே ஸ்ஃபிங்ஸ்கள் காவல் இருக்கின்றன. 4ஆம் இலக்கத்தில் சிங்கங்களும் மெடூஸாவின் முகங்களும் நம்மை நோக்குகின்றன. நம் கோயில் விமானங்களில் கீர்த்திமுகம் வாய் பிளந்து நிற்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இம்முகங்கள் அந்நியமாகத் தோன்றமாட்டா.

இந்தச் சிற்பங்களைச் செய்தவர்கள் யார் என்று கேட்டறிவது நம் கடமை. மக்டெபர்க் நகரத்திலிருந்து வந்து ரீகாவில் குடியேறிய ஆகஸ்ட் ஃபோல்ஸ் என்னும் சிற்பியின் பட்டறை, நகரத்தின் முகப்புகள் பலவற்றுக்கு உருவங்கள் வடித்துத் தந்தது. கட்டடக் கலைஞரின் வரைபடம் பேரழகாக இருந்தாலும், அதைச் சுதையிலும் கல்லிலும் உயிர்ப்பிக்கத் தெரிந்த கைகள் இல்லாவிட்டால் முகப்பு வெறும் காகிதமாகவே நின்றிருக்கும்.

இரண்டாவது, செங்குத்துச் சம்பிரதாயம். இதில் கோடுகள் எல்லாம் கீழிருந்து மேலே ஓடும். மாடிக்கு மாடி குறுக்கே ஓடிய பட்டைகள் மறைந்து, பல மாடிகளைத் தழுவி உயரும் தூண் வரிசைகளும், சுவரைவிட்டு முன்னே தள்ளி நிற்கும் சாளரக் கூடுகளும் முகப்பை ஆள்கின்றன. அலங்காரம் ஒழிந்துவிடவில்லை, ஆனால் அது சுவரின் மேல் ஒட்டிய சுமையாக இல்லாமல் சுவரின் நயத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது. நகரத்தில் நூற்றுக்கு மேற்பட்ட கட்டடங்களை எழுப்பிய யானிஸ் அல்க்ஸ்னிஸ் இதன் முக்கியப் பிரதிநிதி. கடைகளும் அலுவலகங்களும் கீழே, குடியிருப்புகள் மேலே என்று அமைந்த தெருக்களுக்கு இந்த முறை மிகப் பொருத்தமாக இருந்ததால், பிரீவீபஸ் வீதி போன்ற பெருவீதிகளில் இதன் செல்வாக்கு மிகுந்தது.

மூன்றாவது, தேசியச் சம்பிரதாயம். இதன் பின்னணியை அறியாமல் இதனை ரஸிப்பது இயலாது. நகரத்தின் அதிகாரமும் செல்வமும் நெடுங்காலம் ஜெர்மானிய வணிகர் கையில் இருந்தன. லாட்வியர் கிராமத்து மக்களாகவே கருதப்பட்டு வந்தனர். இந்நிலை மெல்ல மாறத் தொடங்கிற்று. நாட்டுப் பாடல்களைத் தேடித் திரட்டிய கிரிஷ்யானிஸ் பரோன்ஸ் 1894 முதல் அவற்றைப் பெருந்தொகுதிகளாக வெளியிட்டுவந்தார். 1896இல் ரீகாவில் நடந்த இனவியல் கண்காட்சியில் கிராமத்து நெசவும், மரவேலையும், ஆடை அணிகளும் பெருமையோடு காட்சிக்கு வைக்கப்பட்டன. ருஷ்யப் பேரரசில் மூண்ட 1905ஆம் ஆண்டின் புரட்சி இந்தத் தேசிய உணர்ச்சியைக் கொழுந்துவிட்டு எரியச் செய்தது. அந்தக் காலத்தில் பாலிடெக்னிக்கில் பயின்று வெளிவந்த லாட்விய இளைஞர்கள், நம் வீட்டின் முகம் நம் மண்ணைப் போல இருக்கவேண்டும் என்று உறுதி கொண்டனர். செங்குத்தான கூரை, மேல்நோக்கிக் குறுகும் சாளரங்கள், உள்நாட்டில் வெட்டி எடுத்த கல், இயற்கை நிறத்திலேயே விடப்பட்ட சாந்து, நெசவுக் கோலங்களிலிருந்து எடுத்த வடிவங்கள் ஆகியவை இதன் லட்சணங்கள். கான்ஸ்டன்டீன்ஸ் பேக்ஷேன்ஸும் ஐஷென்ஸ் லௌபேயும் சேர்ந்து டேர்பதஸ் வீதியில் 1905இல் கட்டிய பள்ளிக்கூடமும், அலெக்ஸாந்தர்ஸ் வனக்ஸ் 1906இல் பிரீவீபஸ் வீதி 58ஆம் இலக்கத்தில் கட்டிய வீடும், அதே வீதி 62ஆம் இலக்கத்தில் லௌபே 1908இல் கட்டிய வீடும் இதன் சிறந்த உதாரணங்கள்.

நான்காவது, செம்மைச் சம்பிரதாயத்தை நோக்கித் திரும்பியது. கிரேக்க ரோமானியத் தூண்களும் சமச்சீரான கம்பீரமும் மீண்டும் தலைகாட்டின. பழைய நகரத்தின் தோம் சதுக்கத்தில் 1913இல் வங்கியாகக் கட்டப்பட்டு, இன்று லாட்விய வானொலி நிலையமாக இயங்கும் கட்டடம் இந்தப் பிரிவினது. லௌபேயும் எர்ன்ஸ்ட்ஸ் போலேயும் 1909இல் மீண்டும் கட்டிய லாட்வியச் சங்க மாளிகையிலும் இந்தச் செம்மை தெரிகிறது. ஆயினும் அதன் முகப்பில் ஓவியர் யானிஸ் ரோஸென்தால்ஸ் அமைத்த வண்ணச் சித்திரங்களில் லாட்வியரின் பழைய தெய்வங்களே எழுந்தருளியிருக்கிறார்கள். சம்பிரதாயங்களுக்கு இடையே எல்லைக் கோடு கெட்டியானதல்ல என்பதற்கு இது ஓர் அத்தாட்சி.

ஒரே மூலையில் மூன்று வாசல்கள்

ஆல்பெர்ட்டா வீதி, ஸ்ட்ரேல்னியெகு வீதியைச் சந்திக்கும் மூலையருகே நின்றால் இந்த வரலாற்றைச் சில அடி தூரத்துக்குள்ளேயே படித்துவிடலாம். 13ஆம் இலக்கம், 1904இல் ஐஸன்ஸ்டைன் கட்டியது. இன்று அங்கே சட்டக் கல்லூரி நடக்கிறது. அதன் பக்கத்திலேயே 11ஆம் இலக்கம், 1908இல் லௌபே கட்டியது. எதிர் மூலையில் 12ஆம் இலக்கம், 1903இல் பேக்ஷேன்ஸ் தமக்கெனவே கட்டிக்கொண்ட இல்லம். அப்போது மாணவராக இருந்த லௌபேக்கும் அதில் பங்கு உண்டு.

முதலில் 13ஆம் இலக்கத்தை நோக்குங்கள். முகங்களும் தோரணங்களும் உருவங்களும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. எங்கே பார்ப்பது என்று கண் தடுமாறுகிறது. உடனே பக்கத்து வீட்டுக்குப் பார்வையைத் திருப்பினால், நான்கு ஆண்டுகளுக்குள் எவ்வளவு தூரம் கடந்துவந்துவிட்டார்கள் என்று வியப்பு உண்டாகிறது. சுவர் அடக்கமாக நிற்கிறது. கூரை செங்குத்தாக எழுகிறது. அலங்காரம் வேண்டிய இடத்தில் மட்டும், அதுவும் சுவரிலிருந்தே கிளம்பியது போல அமைந்திருக்கிறது. சாளரங்களின் அளவும் இடமும் உள்ளே உள்ள அறைகளின் அளவையும் உபயோகத்தையும் அனுசரித்து மாறுகின்றன.

இனி எதிரே உள்ள 12ஆம் இலக்கத்துக்குள் நுழைவோம். மூலைக் கோபுரத்தின் கூரான கூரையையும், உள்நாட்டுச் செடி கொடிகளும் பிராணிகளும் செதுக்கிய சுதைப் பட்டைகளையும் தாண்டி உள்ளே சென்றவுடன், எந்தப் பார்வையாளரும் கழுத்தை நிமிர்த்தாமல் இருக்கமாட்டார். மாடிப்படி வட்டச் சுருளாக மேலே மேலே ஏறிச் செல்கிறது. படிகளின் அடிப்பக்கமும் மேல்விதானமும் வெறும் வெள்ளைச் சுண்ணாம்பாக விடப்படாமல், மலர்க் கோலங்களால் நிரப்பப்பட்டிருக்கின்றன. கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் அக்கோலங்கள் எல்லாம் ஒன்று சேர்ந்து சுழன்றுகொண்டே உச்சிக்குச் செல்வது போலத் தோன்றும். இவை ரோஸென்தால்ஸின் கைவண்ணம் என்று கருதப்படுகின்றன. அவ்வோவியர் இதே வீட்டின் மேல் மாடியில் பத்தாண்டுகளுக்கு மேல் குடியிருந்தார். அதே கட்டடத்தில் பேக்ஷேன்ஸ் வாழ்ந்த பகுதி 2009 முதல் மியூஸியமாக விளங்குகிறது. வரவேற்பறையையும் சாப்பாட்டு அறையையும் போலவே சமையலறையையும் வேலைக்காரப் பெண்ணின் சிற்றறையையும் அந்தக் காலத்து நிலையிலேயே அமைத்துவைத்திருப்பது மெச்சத் தக்கது. முகப்பின் பெருமையை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர், அந்த வீட்டைத் தாங்கிய உழைப்பையும் அங்கே காண்கிறார்.

மதிப்பிடும் முறை

இத்தனை வகைகளையும் எந்த அளவுகோலால் அளப்பது? மூன்று கேள்விகள் போதுமானவை என்பது என் அபிப்பிராயம். அலங்காரம் சுவரிலிருந்து முளைத்ததா, அல்லது சுவரின் மேல் கொண்டுவந்து ஒட்டியதா? முகப்பு உள்ளே நடக்கும் வாழ்க்கையை எடுத்துச் சொல்கிறதா, அல்லது மறைக்கிறதா? வீடு தன் அண்டை வீட்டுக்கும் தெருவுக்கும் மரியாதை செய்கிறதா?

முதல் இரண்டு கேள்விகளுக்கும் ஐஸன்ஸ்டைனின் வீடுகள் திருப்தியான விடை தரவில்லை என்று ஒப்புக்கொள்ளவே வேண்டும். அவருடைய புதல்வரும், பிற்காலத்தில் சினிமாக் கலையின் மேதையாக விளங்கியவருமான ஸெர்கேய் ஐஸன்ஸ்டைனே, தந்தையின் சுதை உருவங்களைத் தம் நினைவுக் குறிப்புகளில் கடுமையாகக் கண்டித்திருக்கிறார். ஆயினும் நாம் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. தெருவில் நடந்துபோகும் எவரும் சல்லிக்காசு செலவில்லாமல் அனுபவிக்கட்டும் என்று வாரி இறைத்த அந்தத் தாராள மனமும், அலங்காரத்தில் அவர் கொண்டிருந்த களங்கமற்ற ஆனந்தமும் மூன்றாவது கேள்விக்குப் பூரணமான விடையாகின்றன. தேசியச் சம்பிரதாயமும் செங்குத்துச் சம்பிரதாயமும் முதல் இரண்டு கேள்விகளிலும் சிறப்பாகத் தேறுகின்றன. ரீகாவின் கட்டடக் கலை அடைந்த முதிர்ச்சியை லௌபேயிடமும் வனக்ஸிடமும்தான் தேடவேண்டும். புகைப்படக்காரர்களின் கூட்டம் ஆல்பெர்ட்டா வீதியின் சிங்கமுகங்களுக்கு எதிரிலேயே நின்றுவிடுவதால், பிரீவீபஸ் வீதியின் அடக்கமான முகப்புகளுக்கு உரிய கௌரவம் கிடைக்காமல் போகிறது. ரஸிகர்கள் இந்தக் குறையைப் போக்கவேண்டும்.

மூன்றாவது கேள்விக்கு நகரத்தின் எல்லா வீடுகளும் சேர்ந்து விடை சொல்கின்றன. அதற்குக் காரணம் அக்காலத்து நகரச் சட்டம். கட்டடம் ஆறு மாடிக்கும் 21.3 மீட்டருக்கும் மேலே எழக்கூடாது என்று அது விதித்தது. இந்த வரம்பு கலைஞனின் கையைக் கட்டிவிட்டது என்று நினைப்பது பிழை. உயரத்தில் போட்டியிட வழியில்லாததால் அழகில் போட்டியிட்டார்கள். ஒவ்வொரு முகப்பும் வேறு வேறாக இருந்தபோதிலும் வீதி ஒரே குரலில் பேசிற்று. குறள் வெண்பா ஏழே சீருக்குள் அடங்கவேண்டும் என்ற விதி புலவனை வளர்த்ததே தவிரக் குறைத்ததில்லை என்பதை அறிந்த நமக்கு இந்த உண்மை எளிதில் விளங்கும்.

பிற்கால நிலை

1914இல் யுத்தம் மூண்டதும் கட்டட வேலைகள் நின்றன. அடுத்த ஆண்டு போர்முனை நெருங்கியபோது தொழிற்சாலைகள் இயந்திரங்களோடும் தொழிலாளர்களோடும் ருஷ்யாவின் உட்பகுதிக்குப் பெயர்ந்தன. நகரத்தின் ஜனத்தொகை பாதிக்கும் கீழே இறங்கியது. 1918இல் லாட்வியா சுதந்திரம் பெற்றபோது உலகத்தின் ரஸனை மாறிவிட்டது. பின்னர் சோவியத் ஆட்சியில் விசாலமான வீடுகள் அறை அறையாகப் பிரிக்கப்பட்டு, பல குடும்பங்கள் ஒரே சமையலறையைப் பகிர்ந்து வாழும் இல்லங்களாயின. சுதையும் வண்ணமும் உதிர்ந்தன. ஆனால் பழைய வீடுகளை இடித்துவிட்டுப் புதியன கட்டும் வேகம் நகர மையத்தை அதிகம் தீண்டாமையால், வீதிகள் முழுமை கெடாமல் தப்பிப் பிழைத்தன. நாடு மீண்டும் விடுதலை பெற்ற பிறகு, முகப்புகள் ஒவ்வொன்றாகச் செப்பனிடப்பட்டு வருகின்றன.

ரீகாவின் கலைஞர் பலரும் உலகப் புகழ் பெற்றவர்கள் அல்லர். பேக்ஷேன்ஸ், லௌபே ஆகிய இருவரும் தனித்தனியே 200க்கும் மேற்பட்ட கட்டடங்களை எழுப்பியிருந்தும், ஹோர்ட்டாவுக்கும் கௌதிக்கும் உள்ள கீர்த்தி அவர்களுக்கு இல்லை. ஆனால் பாடம் சொல்லிக்கொடுத்த ஒரு கல்வி ஸ்தாபனமும், கைத்திறம் குன்றாத பட்டறைகளும், வரம்பு வகுத்த ஒரு சட்டமும், வாடகை வீட்டுக்கும் அழகு வேண்டும் என்று எதிர்பார்த்த பொதுமக்களும் ஒரே ஊரில் ஒரே காலத்தில் கூடிவந்தபோது, நடுத்தரமான கலைஞன்கூட நல்ல வீட்டைத் தவிர வேறு கட்ட இயலாத ஒரு நிலை அங்கே உண்டாயிற்று. ஒரு மரபின் உயரத்தை அதன் சராசரிப் படைப்பின் உயரத்தைக் கொண்டே அளக்கவேண்டும் என்ற கொள்கைக்கு ரீகாவைவிட வலுவான சாட்சியம் இல்லை. நகரங்களை அமைக்கும் பொறுப்பில் உள்ளவர்கள் எந்த நாட்டினராயினும், மேதைகள் தோன்றும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த நான்கையும் ஒன்று கூட்டினால் போதும், அழகிய வீதிகள் தாமே உருவாகும்.